குறையைக் குறித்து வைத்த கேப்டன்



சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக நிற்கிறபோது மலைக்கோட்டையைப் படம் பிடிக்காத மாணவர் நம்மில் யாராவது உண்டா? செல்போனைத் தூக்கி ஒரு கிளிக். பஸ் வந்ததும் ஓடிப்போய் ஏறிவிடுகிறோம். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து எடுத்ததைப் பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றம்தான். மலை கறுத்துப்போய் இருக்கும். உச்சிப்பிள்ளையார் கோயில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். குறுக்கே மின்கம்பி ஓடும். காலையில் அங்கிருந்து பார்த்தால் சூரியன் மலைக்குப் பின்பக்கம் நிற்கிறது, அதனால் மலை கறுத்துத்தான் விழும். அதையே மாலையில் எடுத்தால் பாறை பொன்னிறமாய் மின்னும். இந்தச் சின்ன விஷயத்தை யாராவது ஒருத்தர் படத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நம்ம அடுத்த படம் நன்றாக வந்திருக்கும். ஆனா பாருங்க, நாம் யாரிடமும் கேட்பதில்லை. லைக் எத்தனை என்று மட்டும் எண்ணுகிறோம்.

இதே மலையையும் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களையும் 1858-லேயே புகைப்படமாக்கிய ஒரு மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். தொழில்முறைப் புகைப்படக்காரர் இல்லை, பட்டாளத்துக்காரர். புகைப்படக் கலையை ஆரம்பப் பாடத்திலிருந்து கற்றுக்கொண்டவர். எடுத்த படத்தை நாலு பேர் முன் வைத்தார். தீர்ப்பைக் காது கொடுத்துக் கேட்டார். குறையைத் தாமே எழுதியும் வைத்தார். அதனால்தான் இன்று உலகத்துப் பெரிய அருங்காட்சியகங்கள் அவருடைய படங்களைப் பொத்திப் பொத்திப் பாதுகாக்கின்றன.

பட்டாளத்துக்கு வந்த பையன்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் டெவன்போர்ட் என்றொரு துறைமுக ஊர். டிரைப் பிறந்தபோது அதற்குப் பிளிமத் டாக் என்று பெயர். 1822 ஏப்ரல் 14-ஆம் தேதி, பன்னிரண்டு பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் ஒன்பதாவது பிள்ளையாகப் பிறந்தார். செடி கொடிகளுக்கெல்லாம் முறைப்படி பெயர் வைக்கக் கற்றுக் கொடுத்த சுவீடன் நாட்டு விஞ்ஞானி லின்னேயஸை நாம் படித்திருக்கிறோம் அல்லவா, அதே பெயர்தான் இவருக்கும்.

1838-ல், அதாவது நம்ம முதலாமாண்டு மாணவர்களின் வயசில், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். 1840-ல் லெப்டினென்ட். தென்னிந்தியாவில் பத்துப் பன்னிரண்டு வருஷம் சிப்பாய்களோடு காலம் போனது. அந்த வருஷங்களில் அவர் காமிராவைத் தொட்டதாகத் தெரியவில்லை. அப்படியே ஓய்வு பெற்றிருந்தால் கம்பெனியின் பதிவேட்டில் ஒரு வரியோடு அவர் கதை முடிந்திருக்கும்.

லீவில் கற்ற வித்தை

1850-ல் விடுமுறையில் ஊருக்குப் போனார். உடல்நலம் சரியில்லாமல் விடுமுறை நீண்டு நீண்டு 1854 வரை போய்விட்டது. அந்த நாலு வருஷத்தில்தான் அவருக்குப் புகைப்படப் பித்து பிடித்தது.

அன்றைய புகைப்படம் என்றால் என்ன என்று தெரிந்தால்தான் அவர் பட்ட பாடு நமக்குப் புரியும். ஃபிலிம் ரோலும் கிடையாது, மெமரி கார்டும் கிடையாது. 1841-ல் டால்பட் என்ற ஆங்கிலேயர் ஒரு முறையை வெளியிட்டிருந்தார். நல்ல எழுதுதாளில் வெள்ளி உப்பைப் பூசி, காமிராவுக்குள் வைத்து, வெளிச்சம் காட்டி, ரசாயனத்தில் கழுவினால் நெகட்டிவ் கிடைக்கும். 1851-ல் பிரான்சு நாட்டு குஸ்தாவ் லெ கிரே இதில் ஒரு திருத்தம் செய்தார். தாளுக்கு முதலிலேயே மெழுகு ஏற்றிவிட்டால் விவரங்கள் கூர்மையாக விழும். தாளை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொண்டு பிரயாணமும் போகலாம் என்று காட்டினார். வெயில் தேசத்தில் ஊர் ஊராகச் சுற்றுகிறவனுக்கு இது பெரிய வரப்பிரசாதம்!

ஆனால் ஒவ்வொரு படிக்கட்டிலும் வழுக்கல் உண்டு. மெழுகு ஒரே சீராக ஏறாவிட்டால் படத்தில் திட்டு. தண்ணீர் சுத்தமில்லாவிட்டால் கறை. வெளிச்சம் நிமிஷக்கணக்கில் விழ வேண்டும். குறைந்தால் ஒன்றும் தெரியாது, கூடினால் எல்லாம் கலங்கும். எல்லாவற்றுக்கும் மேலே, எங்கே பிசகினோம் என்பது அந்த இடத்திலேயே தெரியாது. ராத்திரி இருட்டறையில் தாளைக் கழுவும்போதுதான் குட்டு வெளிப்படும். நம்ம லேப்பில் ரீடிங் தப்பு என்று தெரிவதற்குள் பீரியட் முடிந்துவிடுவது மாதிரி!

இப்படிப்பட்ட வித்தையைத் தனியாக உட்கார்ந்து கற்க முடியுமா? 1853-ல் லண்டனில் புகைப்படச் சங்கம் தொடங்கியது. டிரைப் அதே வருஷம் உறுப்பினரானார். உறுப்பினர்கள் கூடுகிற இடத்தில் படங்களை வைப்பார்கள், செய்முறையை விவரிப்பார்கள், எந்த உப்பு எவ்வளவு என்று வாதாடுவார்கள். சங்கத்துக்கென்று ஒரு இதழும் வந்தது. ரகசியமாகப் பூட்டி வைக்காமல் தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைக் கேட்கிற பழக்கம் அங்கே இருந்தது. டிரைப்பின் ஆரம்பப் படங்கள் தம் சொந்த ஊர்த் துறைமுகத்தையும் அங்கே நின்ற கப்பல்களையும் காட்டுகின்றன. பெரிய காட்சியைத் தேடி அலையாமல் வீட்டுப் பக்கத்தில் கிடைத்ததைத்தான் எடுத்துப் பழகினார்.

முதல் தீர்ப்பு

1854 ஜூன் மாதம் கேப்டனாகப் பெங்களூர் திரும்பினார். கூடவே காமிராவும் வந்தது. அந்த டிசம்பரில் நீல் என்ற டாக்டர் நண்பரோடு சேர்ந்து ஹளேபீடு, பேலூர் கோயில்களுக்குப் போனார். டாக்டருக்கும் புகைப்படப் பைத்தியம். ஒரே கோயிலை இரண்டு பேர் எடுத்தால் ஒருத்தர் படம் மற்றவர் படத்துக்குப் பாடம் ஆகிவிடும். கூட ஒரு ஜோடி இருப்பது எந்தக் கலையிலும் பாதி வாத்தியார் இருப்பதற்குச் சமம்.

ஹொய்சளர் சிற்பங்கள் ஊசிமுனை வேலை. யானை வரிசை, கொடி வரிசை, தேவதை வரிசை என்று கல்லே பட்டுப்புடவைக் கரை மாதிரி இருக்கும். தாள் நெகட்டிவுக்கு இது கடுமையான பரீட்சை. தாளின் நார் படத்திலும் விழும் என்பதால் நுணுக்கம் மழுங்கிவிடும். மெழுகு ஏற்றுவதில் அவர் எவ்வளவு கவனம் காட்டினார் என்பதை அந்தப் படங்களின் கூர்மையே சொல்லும்.

1855 பிப்ரவரியில் சென்னையில் தென்னிந்தியாவின் விளைபொருள், கலை, கைத்தொழில் கண்காட்சி நடந்தது. டிரைப் 68 படங்களைக் கொண்டுபோய் வைத்தார். அதுவரை யாரும் புகைப்படம் எடுத்திராத கோயில்கள் அவற்றில் இருந்தன. நடுவர் குழு பார்த்தது. தாளில் எடுத்த காட்சிப் படங்களில் இதுதான் சிறந்த வரிசை என்று தீர்ப்புச் சொல்லி முதல் வகுப்புப் பதக்கம் கொடுத்தது. இந்தியாவில் முதல் படம் எடுத்து இரண்டே மாதங்களில் இந்தப் பெருமை!

இந்த இடத்தில் நம்மில் பல பேருக்குத் தலையில் கொம்பு முளைத்துவிடும். பதக்கம் வாங்கியவனுக்கு இனி யார் என்ன சொல்வது? டிரைப்பின் அடுத்த பயணத்தைப் பார்த்தால் அவர் அப்படி நினைக்கவில்லை என்பது தெரியும்.

பர்மா: குறைகளின் பட்டியல்

1855-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பர்மாவுக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். 1852 யுத்தத்தில் கீழ் பர்மாவை ஆங்கிலேயர் பிடித்திருந்தார்கள். மிண்டோன் மன்னர் அமரபுரத்தில் ஆண்டுகொண்டிருந்தார். ஆர்தர் ஃபேய்ர் தலைமையில் போன குழுவில் படம் வரைய கோல்ஸ்வொர்த்தி கிராண்ட் என்ற ஓவியர், புகைப்படம் எடுக்க நம்ம டிரைப். கலை ஆர்வம் மட்டும் காரணம் இல்லை. அந்த நாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆட்சியின் கணக்கும் அதில் இருந்தது. இதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆகஸ்டு முதல் நவம்பர் வரை பயணம். ஐராவதி நதியில் மழைக்காலம். ஈரக் காற்று, மேக மூட்டம், உடம்புக்கும் சரியில்லை. குழு ஒரு இடத்தில் தங்கும் நேரம்தான் அவருக்குக் கிடைக்கும் நேரம். அப்படியும் இருநூறுக்கு மேல் நெகட்டிவ் எடுத்தார். பெங்களூர் திரும்பி அவற்றிலிருந்து 120 படங்களைத் தேர்ந்தெடுத்து, 50 தொகுப்புகளாகப் பிரிண்ட் போட்டார். 120-ஐ 50-ஆல் பெருக்கினால் 6,000 பிரிண்ட்! என்லார்ஜர் கிடையாது. நெகட்டிவை உணர்தாளோடு அழுத்தி வைத்து வெயிலில் காட்டி, ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். நெகட்டிவ் எந்த அளவோ பிரிண்டும் அந்த அளவுதான், ஏறத்தாழ ஒரு அடி நீளம்.

இனிதான் விஷயமே இருக்கிறது. அந்தத் தொகுப்போடு அவர் ஒரு குறிப்பும் சேர்த்தார். நேரத்தோடு போட்டி போட்டு எடுத்த படங்கள் இவை. மோசமாக வந்ததற்குப் பதில் வேறொன்று எடுக்கப் பல இடங்களில் வாய்ப்பில்லை. வானிலையும் உடல்நிலையும் ஒத்துழைக்கவில்லை. ஒரு இடத்தில் எப்படியோ ஒரு படம் கிடைத்துவிட்டால் அதற்கு மேல் அங்கே நிற்காமல் அடுத்த இடத்துக்குப் போனேன் என்கிற கருத்தில் வெளிப்படையாக எழுதிவிட்டார். படத்துக்குப் படம் விவரக் குறிப்பும் உண்டு.

யோசித்துப் பாருங்கள். கவர்னர் ஜெனரலுக்குப் போகிற படம். பதக்கம் வாங்கிய கை. நாமாக இருந்தால் என்ன செய்வோம்? சுமாரான படத்தை ஒளித்துவிட்டு நல்லதை மட்டும் காட்டுவோம். அவரோ குறையோடு கொடுத்தார், குறை ஏன் வந்தது என்றும் சொன்னார். காரணம் தெரிந்த குறை அடுத்த தடவை திருந்தும். காரணம் சொல்லாத குறை அப்படியே பழக்கமாகிவிடும். இதைவிடப் பெரிய பாடம் எந்தப் புகைப்படப் புத்தகத்தில் இருக்கிறது?

வெளுத்துப்போன வானம்

அவருடைய படங்களில் பலரும் கவனிக்கிற இன்னொரு விஷயம் வானம். அன்றைய வெள்ளி உப்புக்கு நீல நிறத்தின் மேல் அதிகப் பசி, பச்சையின் மேல் பசி குறைவு. ஆகவே நீல வானம் முழுக்க வெள்ளையாக வெளுத்துப்போகும். மரம் மட்டை எல்லாம் கறுப்புக் கட்டியாக நிற்கும். கோபுரம் எவ்வளவு நன்றாக வந்தாலும் பின்னால் வெறும் வெள்ளைத் தாள்!

இந்தக் குறையை டிரைப் சும்மா விடவில்லை. தாள் நெகட்டிவின் மேலேயே தூரிகையால் நுட்பமாக வண்ணம் தீட்டி, வானத்தில் மேகம் வரவழைத்தார். மரங்களில் இலைகளின் வெளிச்சத்தைக் கொண்டுவந்தார். படத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் தூரிகையின் வேலை தெரியும். இது ஏமாற்று வேலையா என்று கேட்கலாம். இன்றைக்கு ஃபில்டர் போட்டு முகத்தையே மாற்றுகிற நமக்கு அந்தக் கேள்வி அவசியம்தான். ரசாயனம் பார்க்கத் தெரியாமல் விட்டதைக் கையால் ஈடுகட்டினார் என்பது என் கருத்து. மாறுபட்ட கருத்துள்ள நண்பர்கள் தாராளமாக வாதாடலாம். படத்தைப் பற்றி வாதாடுவதுதான் கற்கும் வழி.

நம்ம ஊருக்கு வந்தார்

1856-ல் சென்னை கவர்னர் ஹாரிஸ் பிரபு டிரைப்பை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமித்தார். பழைய கட்டடங்களை ஓவியரை வைத்து வரைவதைவிடப் புகைப்படம் எடுப்பது நல்லது என்று கம்பெனி நிர்வாகமும் வற்புறுத்திக்கொண்டிருந்த காலம். அழிவதற்கு முன்னால் எல்லாவற்றையும் பதிவு செய்துவிட வேண்டும் என்பது டிரைப்பின் திட்டம். சரித்திரம் படிப்பவருக்கும், கட்டடக்கலைஞருக்கும், சிற்பிக்கும் பயன்படும்படி படம் இருக்க வேண்டும் என்று நினைத்தார்.

1857 டிசம்பர் மத்தியில் புறப்பட்டார். வடக்கே சிப்பாய்களின் எழுச்சி இன்னும் ஓயவில்லை. தெற்கே இந்தக் கேப்டன் காமிராவையும் தாள் கட்டுகளையும் ரசாயனப் புட்டிகளையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். திருச்சிக்கு ரயில் வராத காலம். ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சில மாதங்கள் இடைவிடாத வேலை. 1858-ல் ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சாவூரும் திருவையாறும், ராயக்கோட்டையும் சேலம் பகுதியும், மதுரை என்று தனித்தனித் தொகுப்புகள் வெளிவந்தன. மதுரைக்கு மட்டும் நாலு பாகம்.

அன்றைய நம்ம ஊரைக் கற்பனை செய்து பாருங்கள். சத்திரம் பேருந்து நிலையமும் இல்லை, பஸ்ஸும் இல்லை. கோட்டை மதில்கள் இன்னும் இடிக்கப்படவில்லை. இன்று மெயின்கார்டு கேட் என்று நாம் நுழைந்து போகிற வாசல் அன்று உண்மையாகவே ஒரு கோட்டையின் வாசல். ஸ்ரீரங்கத்தின் தெற்கு ராஜகோபுரம் அடிப்பகுதியோடு நின்றுபோன மொட்டை கோபுரம். அது 236 அடியாக உயர்ந்து குடமுழுக்குக் கண்டது 1987-ல்தான். ஆக, டிரைப் காலத்து ஸ்ரீரங்கத்தை இன்றைய ஸ்ரீரங்கத்தோடு ஒப்பிட்டால், ஒரு ஊர் எப்படி வளர்ந்தது என்பதே கண்ணுக்குத் தெரியும்.

படங்களில் ஆட்களை அதிகம் காண முடியாது. வெளிச்சம் நிமிஷக்கணக்கில் விழ வேண்டியிருந்ததால் நடக்கிறவர் படத்தில் நிற்கமாட்டார், புகை மாதிரி மறைந்துவிடுவார். கூட்டம் நெரிகிற நம்ம தெருக்கள் அவர் படத்தில் வெறிச்சென்று கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கல்லும் நிழலும் வெளியும் மட்டும் பேசும். மதிலின் கோடு, தூண் வரிசை, முன்னால் கிடக்கிற மண்தரை எல்லாம் டிராயிங் ஷீட்டில் அளந்து போட்ட மாதிரி இருக்கும். நமக்கெல்லாம் டிராஃப்டரைக் கையில் கொடுத்து ஆசிரியர் முதலில் சொல்வது என்ன? நேர்கோடு நேராக இருக்கட்டும் என்பதுதானே! காமிராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாயும். அவசரத்தில் எடுத்தால் தரை சரியும். டிரைப்பின் கோபுரங்கள் நிமிர்ந்து நிற்கின்றன என்றால் அதற்குப் பின்னால் பொறுமை இருக்கிறது.

தஞ்சையில் ஒரு சாதனை

அந்தப் பயணத்தின் சிகரம் என்று தஞ்சைப் பெரிய கோயில் வேலையைச் சொல்லலாம். விமானத்தின் அடிப்பகுதியில் சுற்றிலும் தமிழ்க் கல்வெட்டுகள் ஓடுகின்றன. ஒரே படத்தில் அது அடங்காது. தூரத்தில் நின்றால் எழுத்துப் படிக்க முடியாது. பக்கத்தில் போனால் துண்டுதான் கிடைக்கும். டிரைப் என்ன செய்தார்? காமிராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தி எடுத்தார். 21 பிரிண்ட்களை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே படமாக்கினார். இன்று செல்போனைச் சுற்றிப் பிடித்தால் பனோரமா தானாக வந்துவிடுகிறது. அவருக்கு ஒவ்வொரு துண்டும் ஒரே தூரம், ஒரே உயரம், ஒரே அளவு வெளிச்சம் என்று அமைய வேண்டும். இருபத்தொன்றில் ஒன்று பிசகினாலும் ஒட்டு தெரியும்.

பர்மாவில் எப்படியோ ஒரு படம் கிடைத்தால் போதும் என்று ஓட வேண்டியிருந்த அதே மனிதர்தான், இரண்டு மூன்று வருஷத்தில் தஞ்சாவூரில் ஒரே சுவருக்கு 21 தடவை நின்றார். வளர்ச்சி என்றால் இதுதான் நண்பர்களே!

நிறுத்தப்பட்ட வேலை

1859-ல் சென்னைக்குப் புதிய கவர்னர் வந்தார், சார்லஸ் டிரெவெலியன். எழுச்சிக்குப் பின் கஜானா வற்றியிருந்தது. செலவைக் குறைக்க வேண்டும் என்ற கண்ணோடு பார்த்தவருக்குப் புகைப்பட இலாகா ஓர் ஆடம்பரமாகத் தெரிந்தது. மூடச் சொல்லிவிட்டார். 1860-க்குள் எல்லாம் முடிந்தது.

இதுவும் ஒரு தீர்ப்புதான். ஆனால் எப்படிப்பட்ட தீர்ப்பு? சங்கத்து நண்பர்கள் சொன்னது படத்தைப் பற்றி. சென்னை நடுவர்கள் சொன்னதும் படத்தைப் பற்றி. கவர்னர் சொன்னது பணத்தைப் பற்றி. எங்கே குறை, எப்படித் திருத்துவது என்று சொல்கிற விமர்சனம் ஒருவனை வளர்க்கும். இது உனக்கு எதற்கு, வேலையைப் பார் என்கிற பேச்சு ஒருவனை நிறுத்திவிடும். அந்த ஆண்டுகளுக்குப் பிறகு டிரைப் எடுத்த படங்கள் மிகச் சொற்பம். நாற்பது வயசுகூட ஆகாத, தொழில் கைவந்த ஒரு கலைஞர், பார்க்கவும் கேட்கவும் ஆளில்லாமல் பட்டாள வேலைக்கே திரும்பிப் போனார். கௌரவ மேஜர் ஜெனரல் பட்டத்தோடு ஓய்வு பெற்று, பிறந்த டெவன்போர்ட்டிலேயே 1902 மார்ச் 2-ஆம் தேதி காலமானார். மொத்தத்தில் காமிராவோடு அவர் முழுமூச்சாக உழைத்தது பத்து வருஷத்துக்கும் குறைவு!

ஆனால் கற்ற வித்தை அவரோடு போய்விடவில்லை. அவரிடம் வேலை பழகிய சி. அய்யாசாமி பிற்பாடு சென்னைத் தொழிற்கலைப் பள்ளியில் புகைப்படப் பணியில் விளங்கினார். அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் 1850-ல் தொடங்கிய பள்ளி அது. இன்று எழும்பூர்ப் பக்கம் அரசு கவின்கலைக் கல்லூரியாக நிற்கிறது. லண்டன் சங்கத்தில் கேட்டது, பர்மா மழையில் பட்டது, தஞ்சாவூர் வெயிலில் தெளிந்தது எல்லாம் சேர்ந்து ஒரு தமிழர் கைக்கு வந்து, அங்கிருந்து ஒரு பள்ளிக்குப் போயிருக்கிறது. கவர்னர் மூடியது ஒரு அலுவலகத்தை மட்டும்தான்.

படங்களும் போய்விடவில்லை. லண்டனில் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கின்றன. 2014, 2015-ல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் என்று மூன்று நகரங்களில் அவருக்கென்றே கண்காட்சி நடந்தது. அந்த நிறுவனங்களின் இணையப் பக்கங்களில் நாமும் காசில்லாமல் பார்க்கலாம். நம்ம மலைக்கோட்டையை நூற்றறுபது வருஷத்துக்கு முந்தைய கோலத்தில் பார்க்கிறபோது உடம்பு சிலிர்க்கும்.

நமக்கு என்ன பாடம்?

டிராயிங் ஹாலில் ஷீட்டைக் கொடுக்கிறோம். ஆசிரியர் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பித் தருகிறார். முதல் வருஷம் அந்த வட்டத்தைப் பார்த்தால் கோபம் வருகிறது. கடைசி வருஷம் அந்த வட்டங்கள்தான் நம்மைத் தேற்றின என்று புரிகிறது. புகைப்படத்துக்கும் அந்தச் சிவப்பு வட்டம் வேண்டும். நம்ம ஊர் ஸ்டூடியோக்களில் உதவியாளராகச் சேருகிற பையன்கள் அப்படித்தான் தொழில் பழகினார்கள். மூக்கு நிழல் உதட்டில் விழுகிறது, தலைக்கு மேலே இடம் அதிகம், கண்ணில் வெளிச்சம் இல்லை என்று ஒவ்வொரு பிரிண்டையும் வைத்து முதலாளி சொல்வார். நாலு திட்டு வாங்கினால் ஐந்தாவது படம் தானாக நேராகும்.

ஆகவே, காமிரா மேல் ஆசை உள்ள ஜூனியர்களுக்கு ஒரு யோசனை. வாரத்துக்கு ஐந்நூறு படம் எடுத்து அடுக்காதீர்கள். ஐந்து படம் தேர்ந்தெடுங்கள். தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். முதலில் கண் எங்கே போகிறது, எது இடைஞ்சலாக இருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்திருந்தால் நல்லது என்று கேளுங்கள். பதிலுக்கு வாதாடாமல் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே இடத்துக்கு வேறொரு நேரத்தில் போய் மறுபடி எடுங்கள். முதல் படத்தையும் அழிக்காதீர்கள். அதன் கீழே தேதியும் நேரமும் குறையும் எழுதி வையுங்கள், டிரைப் எழுதின மாதிரி.

காட்டுகிறவர்களுக்கு மட்டுமில்லை, பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு ஜூனியர் தயங்கித் தயங்கிப் போனை நீட்டினால், சூப்பர் என்று சொல்லித் தட்டிக்கழிக்காதீர்கள். இதெல்லாம் உனக்குத் தேவையா என்றும் சிரிக்காதீர்கள். ஒரு நிமிஷம் நின்று பார்த்து ஒரு குறை, ஒரு நிறை, ஒரு வழி சொல்லுங்கள். அந்த ஒரு நிமிஷம் கிடைக்காமல் எத்தனையோ பேர் கையிலிருந்து காமிராவைக் கீழே வைத்திருக்கிறார்கள்.

நம்ம யூனியன் சார்பில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாணவர் புகைப்படங்களைச் சுவரில் மாட்டி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு வெள்ளைத்தாள் தொங்கவிட்டால் எப்படி இருக்கும்? பார்க்கிறவர் எல்லோரும் தமக்குத் தோன்றியதை அதில் எழுதட்டும். பெயர் போட்டு, மரியாதையோடு, காரணத்தோடு எழுதட்டும். பரிசு பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மலைக்கோட்டை எங்கேயும் போய்விடாது. மாலை வெயிலும் நாளைக்கு மறுபடி வரும். எடுப்போம், காட்டுவோம், கேட்போம், திருத்துவோம்!